இரண்டு விரல் பட்டை

கீழ்ப்பங்கு மரங்கள் இந்த வருசமும் பூத்தன.

புரட்டாசி பிறந்து நாலாம் நாள் அதைப் பார்த்தோம். மேல்பங்கில் நாங்கள் பட்டையில் வளையம் வெட்டிய வாட்டில் மரங்கள் எல்லாம் இலை கொட்டி, குச்சி குச்சியாகச் சாம்பல் நிறத்தில் நின்றன. ஊற்றுக்குழியைச் சுற்றியிருந்த நூற்று நாற்பது மரம் மட்டும் தலை நிறைய மஞ்சள் பூவோடு நின்றது. துட்டி வீட்டுக்குப் பட்டுச்சேலை கட்டி வந்த பொம்பளை மாதிரி இருந்தது பார்க்க. போன வருசம் பூத்தபோது, சாகப்போகிற மரம் கடைசியாக ஒருதரம் பூக்கும் என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். இந்த வருசம் அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

கீழ்ப்பங்கு நல்லையாவின் பங்கு.

எங்கள் ஊர் ஊத்தடி. பூம்பாறையிலிருந்து கிளாவரை போகிற பஸ் ஒரு வளைவில் நின்று நாலு பேரை இறக்கிவிட்டுப் போகும். அந்த வளைவுக்கு மேலே முப்பத்தாறு வீடு. பேரில்தான் ஊற்று இருக்கிறது. தண்ணீர் நின்று பதினோரு வருசம். சரிவு பூராவும், பட்டைக்காகச் சீமையிலிருந்து கொண்டுவந்து நட்ட வாட்டில் மரம் ஏறி, மண்ணுக்குள் இருந்ததை எல்லாம் உறிஞ்சிக் குடித்துவிட்டது. அதனால் ஊர்க் கமிட்டி கூடி, வனத்துறையில் எழுதி வாங்கி, வாட்டிலை ஒழித்துப் பழைய சோலை மரங்களை அந்தச் சரிவில் திரும்ப வைப்பது என்று முடிவெடுத்தது. வீட்டுக்கு வீடு பூண்டுப் பாத்தி ஓரத்தில் ஓரடி விட்டு, தவிட்டுக்கொய்யாவும் காட்டுச் செடியும் வேலியாக வைத்தார்கள். பூண்டு விளைகிற இடத்தைக் குருவிக்கு எழுதி வைக்கிறார்கள் என்று முதலில் பேசின சனமே, இப்போது எந்த வேலியில் என்ன குருவி கூடு கட்டியிருக்கிறது என்று பைப்படியில் சண்டை போடுகிறது.

கமிட்டித் தலைவர் ராஜமுருகன், பூண்டு வெள்ளாமைக்காரர். கோடைக்கானலிலிருந்து சத்தியபிரியா மாதம் இரண்டு தடவை வரும். சோலை மரங்களைப் பற்றிப் படித்த பெண். வேலை முறையைச் சொல்லிக் கொடுத்தது அதுதான். வாட்டிலை வெட்டிச் சாய்க்கக் கூடாது. சாய்த்தால் ஒரேயடியாக வெயில் விழுந்து, மண்ணுக்குள் கிடக்கிற வாட்டில் விதை எல்லாம் கீரைப் பாத்தி மாதிரி முளைத்துவிடும். முழங்கால் உயரத்தில், ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையைச் சுற்றிலும் உரித்து எடுத்துவிட வேண்டும். மரம் நின்றபடியே ஒரு வருசத்தில் காயும். நிழல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். கீழே நட்ட சோலைக் கன்று அந்த வெளிச்சத்துக்கேற்பத் தலை தூக்கும்.

பட்டை உரிக்கிறதில் நல்லையாவுக்கு மேல் ஆள் கிடையாது. அதனால் அவரை மேஸ்திரியாகப் போட்டு, எல்லாவற்றிலும் முக்கியமான ஊற்றுக்குழிப் பக்கத்தை அவருக்கே கொடுத்தார்கள். அவருடைய வீட்டுக்காரி குஞ்சம்மாள் நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டாள். புருசன் வளையம் வெட்டிய மரங்களுக்குக் கீழே, பெண்டாட்டி வளர்த்த கன்றுகள். ஊரில் அதை ஒரு பொருத்தமாகவே பேசினார்கள்.

குஞ்சம்மாளின் செண்பகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்துச் செண்பகம் இல்லை, சோலைச் செண்பகம். விதை ரத்தச் சிவப்பாக இருக்கும். தோலைக் கையால் கசக்கி எடுத்து, சாம்பலில் புரட்டி, பையில் ஊன்றினாள். ஆறு மாதமாயிற்று, முளைக்கவில்லை. பத்து மாதமாயிற்று, முளைக்கவில்லை. குஞ்சம்மா மண்ணுக்குத் தண்ணி ஊத்துறா என்று கேலி பேசினார்கள். ஊன்றின பூண்டு பத்து நாளில் எட்டிப் பார்க்கிற ஊரில் வேறென்ன பேசுவார்கள்? பதினாலாம் மாதம் ஒரு காலையில் மூன்று பையில் மண் வெடித்திருந்தது. அன்றைக்கு அவள் வீடு வீடாகப் போய் ஆளைக் கூட்டிவந்து காட்டினாள். இன்னொரு தடவை, பட்டப்பகலில் ஒரு காட்டுமாடு நாற்றங்காலுக்குள் வந்து படுத்துவிட்டது. நாங்கள் எல்லாம் மேட்டில் ஏறி நின்றோம். அவள் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டே, "எந்திரிச்சுப் போயிரு ராசா, அது படுக்குற எடமில்ல, புள்ளைக கெடக்கு" என்று பேசிப் பேசியே அதை எழுப்பி அனுப்பினாள்.

அந்தக் கன்றுகள்தான் போன ஐப்பசி மழையில் கீழ்ப்பங்குக்குப் போயின. இப்போது வெளிச்சம் இல்லாமல், தண்டு நூலாக மெலிந்து, இலை வெளிறிக் கிடந்தன.

சத்தியபிரியா வந்து ஒவ்வொரு வளையமாகக் குனிந்து பார்த்தது.

"ரிங் எல்லாம் கரெக்டாத்தாண்ணா இருக்கு. ஊத்துக்குழிப் பக்கம்கிறதால அடியில மாய்ஸ்சர் ஜாஸ்தியா இருக்கலாம். அதான் சாகமாட்டேங்குதுன்னு நெனைக்கிறேன்."

"ஊத்துல சொட்டுத் தண்ணி இல்ல. மரத்துக்கு மட்டும் எங்கருந்து வருதாம்?" என்றார் ராஜமுருகன்.

சின்னக்கருப்பன் எங்கள் குழுவில் இளவட்டம். மரமேறி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவனுக்கு முடியாது. "நல்லையாண்ணன் கைராசி அப்படி. சாகுற மரமும் பொழச்சுக்கிது. இவர ஆசுபத்திரியில வச்சிருக்கணும், காட்டுல கொண்டாந்து விட்டுட்டாங்க" என்றான்.

எல்லாரும் சிரித்தோம். நல்லையா தலைத்துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டிக்கொண்டார்.

"அக்கா, இன்னொரு சீசன் இந்த நிழல்ல இருந்தா எல்லாம் போயிரும்," என்று சத்தியபிரியா குஞ்சம்மாளிடம் சொன்னது. "கிளாவரைக்குப் பக்கத்துல ஒரு ஊர்ல எடம் ரெடியா இருக்கு. மொத மழை விழுந்ததும் தோண்டி எடுத்து அங்க வச்சிரலாம்."

"தோண்டுனா எத்தன பொழைக்கும்?"

"பாதி பொழைக்கலாம்."

"பாதி பொழைக்குமா?"

அந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "நிச்சயமாச் சொல்ல முடியலக்கா. செம்பகத்துக்கு வேர்ல கை வச்சாலே ஆகாது" என்றது.

குஞ்சம்மாள் குனிந்து ஒரு கன்றைச் சுற்றியிருந்த சருகை ஒதுக்கிவிட்டாள்.

மறுநாள் வெள்ளனே அவளும் பக்கத்து வீட்டுக்காரனான நானும் கீழ்ப்பங்கில் பெரணி அறுக்கப் போனோம். கன்றுக்கு அந்த மட்டுக்காவது வெளிச்சம் கிடைக்கட்டும் என்று அவள்தான் கூப்பிட்டாள். மூடுபனி மரத்துக்கு மரம் தொங்கியது. சரிவில் கால் வழுக்கி, அவள் பக்கத்திலிருந்த மரத்தைச் சுற்றிப் பின்பக்கம் கையைப் போட்டுக் கட்டிப் பிடித்தாள். நான் ஓடிப்போய்த் தூக்குவதற்குள் தானே எழுந்துவிட்டாள். எழுந்தவள் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அடுத்த மரத்துக்குப் போய், வளையத்தின் பின்பக்கம், மேட்டைப் பார்த்த பக்கத்தில் கையை விட்டுத் தடவினாள். அதற்கடுத்த மரம். அதற்கடுத்தது.

"என்ன மதினி, மரத்தத் தடவிக்கிட்டு இருக்கீங்க?"

"ஒன்னுமில்ல. உங்க சோலியப் பாருங்க."

சோலி எங்கே ஓடும்? அவள் தள்ளிப் போனதும் நானும் ஒரு மரத்துக்குப் பின்னால் கையை விட்டேன். முன்பக்கமும் பக்கவாட்டும் காய்ந்த எலும்பு மாதிரி இருந்தது. பின்னால் பெரணிக்குள் மறைந்த இடத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு ஈரம். அங்கே பட்டை இருந்தது. மேலிருந்து கீழே ஓடுகிற உயிர்ப்பட்டை. மேல்தோலை மட்டும் சுரண்டி, மண்ணைத் தேய்த்து விட்டிருந்தது. கண்ணுக்கு அது முழு வளையம்தான். கை வைத்தால்தான் தெரியும்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. நாங்கள் எல்லாம் ஒரு காலத்தில் தோல் பதனிடுகிற ஷாப்புக்காரர்களுக்காக வாட்டில் பட்டை உரித்தவர்கள். நிற்கிற மரத்தில் உரிக்கும்போது பின்னால் இரண்டு விரல் விட்டுவிடுவோம். அந்த வழியாகச் சத்து இறங்கி மரம் பிழைத்துக்கொள்ளும். பட்டை மூடி வரும். இரண்டு வருசம் கழித்துத் திரும்ப வரலாம். முப்பது வருசம் அப்படிச் செய்த கை. இந்த வேலையில் முதல் மரத்தில் என் கையும் அப்படித்தான் விட்டது. சத்தியபிரியா பார்த்துச் சொன்னதும் திருத்திக்கொண்டேன்.

ஆனால் கைப்பழக்கம் என்றால் பட்டையை அப்படியே விட்டிருக்கும். மேல்தோலைச் சுரண்டி மண் தேய்ப்பது கைப்பழக்கம் இல்லை.

இரண்டு நாள் குஞ்சம்மாள் வாய் திறக்கவில்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே தகரச் சுவர். கரண்டிச் சத்தம் கேட்டது, பேச்சுச் சத்தம் கேட்கவில்லை. மூன்றாம் நாள் பொழுது சாயும் முன்னே என்னைக் கூப்பிட்டாள்.

"கொழுந்தனாரே, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

போனேன். நல்லையா அடுப்படியில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். அவர்கள் சிலோனிலிருந்து வந்தவர்கள். அவர் பன்னிரண்டு வயதில் கப்பல் ஏறியவர். தேயிலைத் தோட்டத்துச் சாப்பாட்டை அந்த வீடு இன்னும் விடவில்லை. தேங்காய் ரொட்டியும், மாசிக் கருவாடும் மிளகாயும் வைத்து இடித்த கட்டச்சம்பலும் எடுத்து வைத்தாள். பால் ஊற்றாத தேத்தண்ணியும், கடித்துக்கொள்ளக் கருப்பட்டித் துண்டும். வைத்துவிட்டுத் தன் வலது கையை அவர் முன்னால் விரித்துக் காட்டினாள். உள்ளங்கை கறுத்திருந்தது. வாட்டில் பட்டைக் கறை, இரண்டு நாள் சோப்புப் போட்டும் போகாதது.

"இது என்ன கறை? சொல்லுங்க."

நல்லையா ரொட்டியை மென்றுகொண்டிருந்தார். மென்று முடித்து விழுங்கினார்.

"எந்த மரம்?" என்றார்.

"எந்த மரமா? எத்தன மரமுன்னு கேளுங்க."

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். "நீங்க இருங்க. நீங்களும் கை வச்சுப் பாத்தீங்கதான? எனக்குத் தெரியும்" என்றாள். உட்கார்ந்துவிட்டேன்.

"மொத ரெண்டு மரம் கை செஞ்சது," என்றார் நல்லையா. "அது பாட்டுக்கு விட்டுட்டு வந்துருச்சு. மூணாவது மரத்துல தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சும்?"

"தெரிஞ்சும்தான்."

அவர் தேத்தண்ணியை எடுத்தார், குடிக்காமல் கீழே வைத்தார்.

"சிலோன்ல எங்கப்பா வச்ச கொழுந்துச் செடி மலை பூராம் நின்னுச்சு. இந்தியாவுக்குப் போகச் சொல்லிப் பேர் கூப்புட்டாங்க, லயத்து வீட்டக் காலி பண்ணிட்டுக் கப்பலேறிட்டோம். திரும்பிப் பாக்கல. இங்கன வந்து பதினாறு வயசுல கூடையத் தூக்கிக்கிட்டு இந்தச் சரிவுல வாட்டில் கன்னு நட்டேன். அப்பப் புல்லுதான் கெடந்துச்சு. அதிகாரி வந்து, நல்லா நட்டிருக்கான் பையன்னு முதுகுல தட்டுனான். அந்த ரெண்டு நாட்டுலயும் சுத்தித் தேடுனா, இது நல்லையா வச்சதுன்னு சொல்ல நிக்கிறது அது ஒன்னுதான். இந்த வீட்டுக்கே இன்னும் பட்டா இல்ல. அத நீயே உரிச்சுக் கொல்லுன்னு கத்திய கையில குடுக்குறாங்க. எனக்குக் கை வரல."

"கை வரலேன்னா வரலேன்னு சொல்லியிருக்கணும். வேற ஆளு வெட்டியிருப்பான். இல்ல, அந்தப் பக்கமே வேணாமுன்னு விட்டிருப்பாங்க. என் புள்ளைகள அதுக்குக் கீழ கொண்டுபோய் வைக்கயில நீங்களும்தான கூடையத் தூக்கிட்டு வந்தீங்க?"

"ரெண்டும் நிக்கட்டுமேன்னு நெனச்சேன். அதுபாட்டுக்கு அது, இதுபாட்டுக்கு இது."

"நின்னுச்சா?"

அவர் மீதி ரொட்டியைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"நீங்க வச்சது நாப்பத்தாறு வருசம் நின்னு, மழையும் வெயிலும் பாத்து, பூத்துக் காச்சிருச்சு," என்றாள். சத்தம் போடவில்லை. அரிசி களைகிறபோது பேசுகிற மாதிரிதான் பேசினாள். "நான் வச்சது இன்னும் முழங்கால் ஒசரம் வரல."

அடுப்பில் விறகு சரிந்தது. அதுவும் வாட்டில் விறகுதான். அதை உள்ளே தள்ளிவிட்டு நிமிர்ந்தாள்.

"கமிட்டியில சொல்லப் போறியா?" என்று கேட்டார்.

"நான் சொல்லமாட்டேன். கட்டிக்கிட்டவரக் காட்டிக் குடுத்தான்னு எனக்குப் பேரு வேணாம். ஞாயித்துக்கிழமை கன்னு தோண்டுறதுக்கு ஆள் எழுதுவாங்க. என் பேரத்தான் மொதல்ல எழுதுவாங்க, வேர் உடையாமத் தோண்ட எனக்குத்தான் தெரியும். நான் தோண்டித் தோண்டிக் குடுக்கிறேன். நீங்க பக்கத்துல நின்னு வாங்கி வாங்கி வண்டியில வைங்க."

தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. இரண்டு பேருக்கும் அவளே அதை எடுத்துத் திரும்பச் சூடு பண்ணிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் மந்தையில் கமிட்டி கூடியது. கிளாவரைப் பக்கத்திலிருந்து வண்டி வருவது, பைக்கு மண் எடுப்பது எல்லாம் பேசி முடித்து, ராஜமுருகன் நோட்டை விரித்தார்.

"தோண்டுறதுக்கு ஆறு பேரு. குஞ்சம்மாக்கா ஒன்னு. அப்பறம்?"

நல்லையா எழுந்தார். எழுந்து சட்டைப் பித்தானைத் தடவிக்கொண்டு நின்றார். பேச வருகிறாரா, கிளம்பிப் போகிறாரா என்று தெரியாமல் எல்லாரும் பார்த்தார்கள்.

"மரம் சாகாதது ஈரத்தால இல்ல தம்பி. நான்தான் சாகவிடல. பின்பக்கம் ரெண்டு வெரல் பட்டைய விட்டு வச்சிருக்கேன். எல்லா மரத்துலயும்."

ராஜமுருகன் நோட்டை மூடினார். ஒரு கோழி வந்து நடுவில் கிளறிவிட்டுப் போனது.

"இருபது மாசம், அண்ணே. அந்தப் புள்ள மண்ண எடுத்துக்கிட்டுப் போயி டெஸ்ட் பண்ணிச்சு. இருபது மாசம் எங்களக் கிறுக்கனாக்கிட்டீங்களே."

"ஆமா."

"ஏன்னு கேக்கலாமா?"

"கேக்கலாம். சொன்னா ஞாயமா இருக்காது. விட்டுருங்க."

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே, கைராசின்னு" என்றான் சின்னக்கருப்பன். இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. அவனே வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தான்.

ராஜமுருகன் எழுந்து போய்ச் சத்தியபிரியாவுக்குப் போன் போட்டார். சிக்னல் கிடைக்கிற கல்லுக்கு மேல் ஏறி நின்று பேசினார். எங்களுக்கு அவர் தலையாட்டுவது மட்டும் தெரிந்தது. குஞ்சம்மாள் அந்தத் தலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. திரும்பி வந்தவர் அவளைப் பார்த்துத்தான் சொன்னார்.

"மழைக்கு முந்தி பட்டைய முழுசா அறுத்துட்டு, கொப்ப வெட்டி வெளிச்சம் விட்டா, கன்ன எடுக்க வேண்டாமாம். எல்லாம் பொழைக்கும்னு சொல்லல. ஆனா தோண்டுறதுக்கு இது மேலாம். பத்து நாளுதான் இருக்கு."

"நான் அறுத்துடுறேன்," என்றார் நல்லையா. "கொப்பு வெட்ட மட்டும் ஆள் குடுங்க. என்னால ஏற முடியாது."

"இனிமே நீங்க மேஸ்திரி இல்லண்ணே. குஞ்சம்மாக்கா சொல்ற வேலையச் செய்யுங்க. அவங்க பாத்துச் சரின்னு சொன்னாத்தான் அந்த மரம் கணக்கு."

"அது வீட்டுல நடக்குறதுதான் தம்பி. காட்டுலயும் நடந்துட்டுப் போகுது."

இதற்கு மட்டும் இரண்டொருவர் சிரித்தார்கள். ராஜமுருகன்கூட வாயைத் துடைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை வேலை ஆரம்பித்தது. சின்னக்கருப்பன் மேலே ஏறிக் கொப்பைக் கழிப்பான். நான் கீழே விழுகிற கொப்பு கன்று மேல் விழாமல் கயிறு பிடித்து இழுப்பேன். நல்லையா முட்டி போட்டு, பெரணிக்குள் தலையை விட்டுப் பட்டைக்கத்தியால் மேலே ஒரு வெட்டு, கீழே ஒரு வெட்டு, கத்தி முனையை உள்ளே கொடுத்து நெம்பி, அந்த இரண்டு விரல் பட்டையை உரித்து எடுப்பார். அவர் எழுந்ததும் குஞ்சம்மாள் குனிந்து வளையத்தைச் சுற்றிக் கையை ஓட்டிப் பார்ப்பாள். சில மரத்தில், "இந்த ஓரத்துல நாரு நிக்குது" என்பாள். அவர் மறுபடி முட்டி போடுவார். முதல் நாள் அவர்களுக்குள் இவ்வளவுதான் பேச்சு. இரண்டாம் நாள் முட்டிக்கு ஒரு சாக்கை மடித்துக்கொண்டு வந்து, மரத்துக்கு மரம் அவளே எடுத்துப் போட்டாள். நாலாம் நாள் ஒருதரம் அவர் பாதி மரத்தில் கத்தியை வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். அவள் அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பிக் கன்றுக்கு மண் அணைத்தாள்.

ஆறாம் நாள் மத்தியானத்துக்கு மேல் ஒரே ஒரு மரம் மிச்சமிருந்தது. ஊற்றுக்குழியின் விளிம்பில் நின்ற மரம். ஓர் ஆளால் கட்டிப் பிடிக்க முடியாது. மேகம் தாழ வந்து, பூவும் மேகமும் ஒன்றாகத் தெரிந்தது.

குஞ்சம்மாள் சாக்கைப் போடவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இது ஒன்னு வேணுமுன்னா நிக்கட்டும்," என்றாள். "ஓரமாத்தான நிக்குது. நான் அந்தப் புள்ளகிட்ட பேசிக்கிறேன்."

நல்லையா மரத்தை அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். சின்னக்கருப்பன் பக்கத்து மரத்திலிருந்து இறங்கியவன், இறங்கின இடத்திலேயே உட்கார்ந்துகொண்டான்.

"வேணாம்," என்றார். "ஒன்னு நின்னாப் போதும். நெத்து வெடிச்சுச்சுன்னா சரிவு பூராம் வெதைதான். நாலு வருசத்துல உன் கன்னு தலைக்கு மேல வந்து நிக்கும். நட்டவனுக்குத் தெரியாதா அது புத்தி?"

அவரே அவள் கையிலிருந்து சாக்கை வாங்கிப் போட்டு முட்டி போட்டார். இரண்டு வெட்டு. நெம்பி இழுத்தார். ஒரு சாண் நீளத்துக்குப் பட்டை கிழிந்து வந்தது. குஞ்சம்மாள் குனிந்து கையை ஓட்டிப் பார்த்து, தலையை ஆட்டினாள். மரத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அது பாட்டுக்குப் பூத்துக்கொண்டு நின்றது.

பட்டையைக் கையில் பிடித்தபடியே அவர் பின்னால் நகர்ந்து மேட்டில் உட்கார்ந்தார். காலை நீட்டிக்கொண்டார். நான் பிளாஸ்க்கைத் திறந்தேன்.

"காலை எடுங்க," என்றாள் குஞ்சம்மாள்.

"என்ன?"

"காலை எடுங்கங்கிறேன். செம்பகத்து மேல வச்சிருக்கீங்க."

அவர் பதறிக் காலை இழுத்துக்கொண்டார். குதிகாலுக்குக் கீழே கன்று படுத்துக் கிடந்தது. ஒடியவில்லை, சாய்ந்துதான் இருந்தது. அவர் குப்புற விழாத குறையாகக் குனிந்து அதை நிமிர்த்தினார். ஒரு குச்சியை ஒடித்துப் பக்கத்தில் ஊன்றினார். கையிலிருந்த பட்டையிலிருந்து நாரைக் கிழித்து, கன்றைக் குச்சியோடு சேர்த்துக் கட்டினார். கட்டிவிட்டு விலகி உட்கார்ந்து, "வச்சவ நீ. சரியா இருக்கான்னு பாத்துக்க" என்றார்.

அவள் உட்கார்ந்து முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். கொஞ்சம் தளர்த்தி, மறுபடியும் கட்டினாள்.

"இப்பச் சரி" என்றாள்.